பிராக் நகரத்துக்கு நான்கு நாள்: எந்த நேரத்தில் எங்கே இருப்பது?

[காட்சி: விடியற்காலை, வல்டாவா ஆற்றின் மேல் சார்லஸ் பாலம்]

வணக்கம். ஐரோப்பா சுற்றுலா என்றாலே பத்து நாளில் ஆறு நாடு என்று ஒரு கணக்கு நம்மிடையே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் செக் குடியரசின் தலைநகர் பிராக்குக்கு ஒரு பகல் கிடைத்தாலே அதிகம். பேருந்தில் வந்து இறங்கி, மணிக்கூண்டைப் பார்த்து, பாலத்தில் படம் எடுத்து, மறுபடியும் பேருந்து ஏறிவிடுவார்கள். இந்த ஊருக்கு நான்கு இரவாவது கொடுங்கள். அதற்காக வேறு ஒரு நாட்டை விட்டாலும் பரவாயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பிராக்கின் பழைய பகுதி சின்னது. மணிக்கூண்டிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடை. அதனால் "என்னென்ன பார்ப்பது" என்பது அங்கே பெரிய கேள்வியே இல்லை. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்பதுதான் கேள்வி. இப்போது திரையில் தெரியும் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1357இல் மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது. சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், ஜூலை 9ஆம் தேதி காலை 5:31க்குக் கல் வைத்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். நீளம் 516 மீட்டர், இரண்டு பக்கமும் 30 சிலைகள். பகல் பதினொரு மணிக்குப் போனால் முன்னால் நடப்பவரின் முதுகுதான் தெரியும். காலை ஆறு மணிக்குப் போனால் ஒவ்வொரு சிலையின் முன்னும் நின்று பார்க்கலாம். வெண்கலத்தில் இருப்பது புனித ஜான் நெபோமுக், 1683இல் வைத்த சிலை. 1393இல் அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தள்ளினார்கள். பீடத்தில் அந்தக் காட்சியைச் செதுக்கிய தகடு, தொடுகிறவர்களின் கைபட்டுப் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

[காட்சி: பழைய நகரச் சதுக்கம், வானியல் கடிகாரம். நெருக்கத்தில் அதன் முகப்பு]

அடுத்து கடிகாரம். 1410இல் செய்தது. காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, மணிக்கு ஒருமுறை ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு ஜன்னலில் பன்னிரண்டு திருத்தூதர்களும் வரிசையாக வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டமும் கைபேசியை மடக்கிக்கொண்டு கலைந்துவிடும். நீங்கள் கலையாதீர்கள். கூட்டம் போன பிறகுதான் அந்த முகப்பை நிதானமாகப் படிக்க முடியும், நம் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இன்னும் எளிது.

நடுவில் சற்றுத் தள்ளி ஒரு வளையம் சுழல்கிறது பாருங்கள், அது ராசி மண்டலம். மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசிகளுக்கும் குறிகள் இருக்கும். சூரியன் ஒரு முள்ளிலும் சந்திரன் இன்னொரு முள்ளிலும் அந்த வளையத்தின் மேல் நகரும். சந்திரன் பாதி வெள்ளி, பாதி கறுப்பாக இருக்கும் ஓர் உருண்டை. அது தானே திரும்பி வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் மேஷத்துக்குள் நுழைவது சித்திரை ஒன்றாம் தேதி. இந்தக் கடிகாரத்தில் மார்ச் 21 வாக்கிலேயே நுழைந்துவிடும். இது மேற்கத்திய முறையில் வசந்த சமநாளிலிருந்து ராசியைக் கணக்கிடுகிறது, நம்முடையது நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. வெளி வளையத்தில் 24 வரை பழைய எழுத்தில் எண்கள் இருக்கும். அது அந்தக் காலத்துச் செக் நேரம், சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுவது. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் மாலையிலிருந்து எண்ணினார்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த அரை மணி அதுதான்.

அப்படியே தரையையும் பாருங்கள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். மன்னருக்கு எதிராகக் கிளர்ந்த 27 பேரை 1621 ஜூன் 21 அன்று அங்கே வைத்துக் கொன்றார்கள். பலர் அதன் மேலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் படம் எடுக்கிறார்கள்.

[காட்சி: 22ஆம் எண் டிராம், மேடேறுகிறது]

ஆற்றின் மறுகரையில் மேட்டின் மேல் இருக்கும் பிராக் கோட்டைக்கு ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் பாலத்திலிருந்து படியேறி மூச்சு வாங்கப் போகிறார்கள். வேண்டாம். 22ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டையையும் தாண்டி போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஸ்ட்ராஹோவ் மடத்தின் நூலகம், பிறகு கோட்டை, பிறகு மாலா ஸ்ட்ரானா தெருக்கள், கடைசியில் பாலம் என்று எல்லாமே இறக்கம். அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஊர் முழுக்கக் கல் பாவிய தெருக்கள், முழங்காலுக்குச் சிரமம். குதிகால் செருப்பு உதவாது, நல்ல நடைக் காலணி வேண்டும்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளே இருக்கும் கட்டடங்களுக்குத்தான் சீட்டு. அதில் புனித வீட்டஸ் பேராலயத்தை விட்டுவிடாதீர்கள். 1344இல் தொடங்கி 1929இல் முடித்தது, 585 ஆண்டுகள். ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்கு நண்பகலுக்குப் பிறகுதான் அனுமதி, அதனால் கோட்டையை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். அதேபோல் யூதர் பகுதியான ஜோசஃபோவைச் சனிக்கிழமை வைக்காதீர்கள், அன்று ஓய்வு நாள், எல்லாம் மூடியிருக்கும். அங்கே பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க, நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 80,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். பிள்ளைகளோடு போனால் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

அதற்குப் பக்கத்திலேயே ஆற்றங்கரையில், 1348இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலக் கட்டடம் இருக்கிறது. தமிழுக்காக வாழ்நாளைக் கொடுத்த செக் அறிஞர் கமில் சுவெலபில் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார், தமிழ் கற்பித்தார். 1968இல் சோவியத் படைகள் நகருக்குள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுற்றுலாக் கையேடு எதுவும் உங்களை அங்கே நிறுத்தாது. நீங்களாகவே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

[காட்சி: பணம் மாற்றும் கடையின் பலகை]

சரி, இப்போது பணம். செக் குடியரசில் யூரோ கிடையாது, கொருனா. "கமிஷன் 0%" என்று பெரிதாக எழுதியிருக்கும் கடைகளில் மாற்று விகிதத்தையும் படியுங்கள், நஷ்டம் அதில்தான் இருக்கும். தெருவில் வந்து மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம், செல்லாத பழைய நோட்டையும் வேறு நாட்டு நோட்டையும் கையில் திணித்துவிடுவார்கள். ஏ.டி.எம். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருனாவிலேயே எடுங்கள். டிராமுக்கு வாங்கிய காகிதச் சீட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் அபராதம் போடுவார்.

சாப்பாட்டுக்கு, வார நாட்களில் மதியம் உள்ளூர்க்காரர்கள் போகும் உணவகங்களில் அன்றைய மதிய உணவு மலிவாகக் கிடைக்கும், இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு அடை, பொரித்த பாலாடைக்கட்டி, பழம் வைத்த கொழுக்கட்டை உண்டு. ஸ்விச்கோவா என்பது மாட்டிறைச்சி, வேண்டாதவர்கள் கவனிக்கவும்.

தங்குவதற்குச் சதுக்கத்தை ஒட்டிய அறை தேவையில்லை. வினோஹ்ராடி, கார்லின் போன்ற பகுதிகளில் மெட்ரோவுக்கு அருகே பாருங்கள். இரவில் சத்தம் இருக்காது, வாடகையும் குறையும்.

கடைசியாக விசா, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். செக் குடியரசு உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டில் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாடு. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம். பயணத்துக்கு என் யோசனை, ஏப்ரல் கடைசி, மே, அல்லது செப்டம்பர். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகவே முன்பதிவு செய்யுங்கள்.