கழலாத கொலுசு

(சேலத்தில் ஒரு ரத்ததான முகாமின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் ஜூஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிற உங்களிடம் நீட்டி முழக்கினால் பாவம். கொடுத்த ரத்தம் பைக்குள் போன பிறகு என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டார். அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் சுற்றி.

வெள்ளிக் கொலுசு செய்கிற நம்ம செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்குக் கொலுசைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திருகாணி தளர்ந்தால் தெருவில் விழுந்துவிடும். இறுகிப்போனால் கழற்ற வராது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதும் அப்படித்தான். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின். ஒவ்வொன்றிலும் நான்கு ஆக்சிஜனுக்கு இடம். நுரையீரலில் பிடிக்க வேண்டும், தசையில் விட வேண்டும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரில் 98 என்று பார்த்ததும் நமக்கு நிம்மதி. பிடித்ததைத்தான் அது காட்டுகிறது, விட்டதைக் காட்டாது.

பாதி இடங்கள் நிரம்ப எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் தேவை என்று அளப்பார்கள். நல்ல உடம்பில் 26, 27 மில்லிமீட்டர் பாதரசம். எண் இறங்கினால் திருகாணி இறுகிவிட்டது என்று அர்த்தம். இதை இறுகாமல் பார்த்துக்கொள்வது 2,3-டிபிஜி என்கிற சின்ன மூலக்கூறு. ஆக்சிஜன் இறங்கியதும் ஹீமோகுளோபினின் நடுவே ஒரு சந்து அகலும். அதில் இது ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும். ஆப்பு இருக்கும்வரை இறங்கிய ஆக்சிஜன் சட்டென்று திரும்ப ஒட்டாது. 1967-இல்தான் இந்த வேலை தெரிய வந்தது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காது அடைக்கும். 1,500 மீட்டரை ரத்தம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இமயமலை உயரத்துக்குப் போனால் ஓரிரு நாளில் டிபிஜி கூடும், பிடி தளரும்.

இந்தத் திருகாணியை மனிதன் வேண்டுமென்றே இறுக்கியும் பார்த்திருக்கிறான். அரிவாள் அணு நோயில், ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கிறது. விடாமல் பிடித்து வைத்தால் வளையாதே! 1970-களில் சோடியம் சயனேட் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் சங்கிலியின் நுனியில் அது ஒட்டிக்கொண்டது, பிடி இறுகியது. ஆனால் நரம்பு பாதித்தது, கண்ணில் புரை விழுந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, சயனேட்டில் வைத்து, கழுவித் திருப்பி ஏற்றியும் பார்த்தார்கள். அதே எண்ணத்தில் வந்த வாக்ஸெலோட்டர் என்கிற மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; 2024-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. எனக்கு இந்த வழியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிடித்ததை விடாத ரத்தம் தசைக்கு எதைக் கொடுக்கும்?

இப்போது தம்பியின் கேள்வி. பையில் அணு சும்மா இருப்பதில்லை. 2 முதல் 6 டிகிரி குளிரிலும் குளுக்கோஸைத் தின்றுகொண்டு லாக்டிக் அமிலத்தைக் கழிக்கிறது. அமிலம் கூடக் கூட டிபிஜி தயாரிப்பு படுத்துவிடும். இரண்டு வாரத்தில் ஆப்பு ஏறக்குறைய காலி. பை அதே சிவப்புதான். கொலுசு மட்டும் கழல மறுக்கும்.

“அப்போ பழைய பையைத் தூக்கிப் போட்டுடலாமாண்ணே?” என்று பின்வரிசையிலிருந்து கேட்கிறார்கள். வேண்டாம். உடம்புக்குள் போன சில மணி நேரத்திலேயே அணு டிபிஜியை மறுபடி செய்ய ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பழைய அளவு வந்துவிடும். புது ரத்தம் ஏற்றியவர்களையும் நாள்பட்ட ரத்தம் ஏற்றியவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் 2015, 2016-இல் வெளிவந்தன. இறப்பில் வித்தியாசம் இல்லை. அதனால் ஃபிரிட்ஜில் முதலில் வந்த பை முதலில் போவதில் தப்பில்லை. அணுவைக் காக்க அடினைன் என்கிற பொருள் கலந்த சாதாரணப் பை என்றால் 35 நாள் தாங்கும். இன்று நீங்கள் கொடுத்ததில் தேதி ஒட்டியாகிவிட்டது.

பஞ்சை இப்போது எடுக்கலாம். நின்றிருக்கும்.