சைலன்சர் மாற்றிய பிறகு: புல்லட்டின் கார்பரேட்டரைச் சரிசெய்வது

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, பஞ்சாப் சைலன்சர் போட்டேன், கோன் ஃபில்டர் போட்டேன். சத்தம் பிரமாதம். ஆனா முன்ன மாதிரி இழுக்கல. மேட்டுல திணறுது. ஆக்சிலேட்டரை விட்டா பின்னாடி படபடன்னு வெடிக்குது." சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொல்வார்கள். "மெயின் ஜெட்டைப் பெருசு பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டேன். இப்ப பெட்ரோலா குடிக்குது, ஆனா வெடிக்கிறது நிக்கல."

அது நிற்காது. கார்பரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். ஜெட் என்பது அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும், துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் வெடிப்புக்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எந்தக் கோளாறு கார்பரேட்டரின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று தெரியாமல் கை வைப்பதால்தான் நல்ல எஞ்சின்கள் பாழாகின்றன. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

நான் சொல்லும் வண்டி, பிற்கால வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய அந்தப் பரம்பரையில் 350 என்று நாம் சொல்லும் எஞ்சின் உண்மையில் 346 சி.சி. அதில் மைக்கார்ப் வி.எம். 24 கார்பரேட்டர் இருக்கும். 500-ல் அதே குடும்பத்தின் வி.எம். 28. ஆக்சிலேட்டரைத் திருகினால், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கேபிள் நேராகத் தூக்கும், பெட்ரோல் வழியைக் கூட்டிக் குறைக்கும் ஊசியும் ஸ்லைடோடு மேலேறும். ஒளிவு மறைவு இல்லாத கார்பரேட்டர். திருப்புளியும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்.

முதலில், காற்று ஃபில்டரை மாற்றினால் ஏன் கலவை மெலிகிறது, அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் ஏன் குறைகிறது? "காற்று அதிகமாகப் போகிறது, பெட்ரோல் அதே அளவுதான் வருகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. காற்று வேகமாகப் போனால், அது கடக்கும் குறுகிய வழியான கார்பரேட்டரின் தொண்டையில் அழுத்தம் குறையும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக மேலேறும். கார்பரேட்டர் வேலை செய்வதே அப்படித்தான். விட்டுப்போகும் மீதிப் பாதி ஃபில்டர் டப்பாவில் இருக்கிறது. கம்பெனி பொருத்திய டப்பா காற்றைச் சற்றுத் தடுக்கும். அந்தத் தடையால் தொண்டையில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மீது எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தம்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பெட்ரோலை மேலே தள்ளுகிறது. டப்பாவைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டரைச் சொருகினால் அந்தக் கூடுதல் உறிஞ்சல் போய்விடுகிறது. காற்று கூடுகிறது, பெட்ரோலைத் தள்ளிய விசையும் குறைகிறது. அடி இரண்டு பக்கமிருந்தும் விழுகிறது.

அதனால்தான் சைலன்சரை மட்டும் மாற்றிய வண்டியில் சின்னத் திருத்தம் போதும். டப்பாவைத் தூக்கிய வண்டியில் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். என் கருத்தைக் கேட்டால், டப்பாவைக் கழற்றாதீர்கள். ஃபில்டர் மாற்றியே தீர வேண்டுமென்றால் டப்பாவுக்குள் உட்காரும், கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டரைப் போடுங்கள். திறந்த கோன் ஃபில்டர் பக்கக் காற்றுக்கும் மழைக்கும் நடுங்கும். எஞ்சின் சூட்டையே உள்ளே இழுக்கும். நம் ஊர்ப் புழுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கலவைக்கு ஒரு கணக்கு உண்டு. பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். முழு இழுவை வேண்டும்போது 12.5, 13 என்று கொஞ்சம் கெட்டியாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது எஞ்சினின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். காற்றால் மட்டும் குளிரும் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு இது உயிர்நாடி. முழு ஆக்சிலேட்டரில் மெலிந்த கலவையோடு நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தீயும், பிஸ்டன் பிடிக்கும்.

கார்பரேட்டரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். கசிவைப் பாருங்கள். சைலன்சர் மாற்றும்போது, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பென்ட் பைப்பை அசைத்திருப்பார்கள். சிலிண்டர் ஹெட்டில் அது உட்காரும் இடத்தில் இடைவெளி இருந்தால், ஆக்சிலேட்டரை விட்டதும் வெளிக்காற்று உள்ளே புகும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அங்கே பற்றிக்கொண்டு படபடவென்று வெடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் அந்த மூட்டின் அருகே கையைக் காட்டுங்கள். காற்று தட்டினால் கசிவு. அடுத்து, கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு. ஆக்சிலேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது அதைச் சுற்றி டபிள்யூ.டி. 40 என்ற துரு நீக்கும் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் தெளியுங்கள், சூடான சைலன்சர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் ஓட்டம் மாறினால் அந்த வழியாகக் கள்ளக்காற்று போகிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் அடைத்த பிறகு, பாதி வண்டிகளுக்கு ஜெட்டே மாற்ற வேண்டியிருக்காது.

சரி, கசிவு இல்லை. இப்போது ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். கார்பரேட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை, ஸ்லோவுக்கான பெட்ரோலை விடும் பைலட் ஜெட்டும் அதற்கான காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் இருக்கும் சரிவு வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும், ஆனாலும் தடுமாற்றம் எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். நாம் ஊருக்குள் ஓட்டும் நேரமெல்லாம் பெரும்பாலும் பாதிக்குக் கீழேதான். முக்காலுக்கு மேல் மட்டும் பேசும் ஜெட்டை மாற்றிவிட்டு, சிக்னலில் வரும் கோளாறு தீர வேண்டும் என்றால் எப்படித் தீரும்?

வேலையை மேலிருந்து கீழே செய்யுங்கள். மெயின் ஜெட் முதலில், ஊசி அடுத்து, பைலட் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மெயின் ஜெட்டைச் சோதிக்க ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலை வேண்டும், மூன்றாவது கியர். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். முழுவதும் திருகி ஓட்டும்போது, பிடியைக் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் விடுங்கள். அந்த நொடியில் வண்டி முன்னால் பாய்வது போலிருந்தால் மெயின் ஜெட் சிறியது. திருகத் திருக மந்தமாகி, பெருத்த குரலில் விக்கி விக்கிப் போனால் பெரியது. ஜெட்டின் தலையில் எண் இருக்கும். 90 என்று இருந்தால் அடுத்தது 92.5, பிறகு 95. ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒரே கம்பெனி ஜெட்டையே கடைசி வரை வாங்குங்கள், எண் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஜெட்டின் துளையைக் கம்பியாலும் ஊசியாலும் குடைந்து பெரிதாக்குவது இன்னும் நடக்கிறது. 0.9 மில்லிமீட்டர் துளையை 1 மில்லிமீட்டர் ஆக்கினால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 23 சதவீதம் கூடிவிட்டது. அதோடு பித்தளையின் உள்விளிம்பு கீறிப்போய், பெட்ரோல் சீராக வராது. தலையில் 90 என்றே இருக்கும், அடுத்து வரும் மெக்கானிக் அதை நம்பி மோசம்போவார். புது ஜெட் ஒன்றும் பெரிய விலை கிடையாது.

மெயின் ஜெட் சரியா என்று பிளக்கிலும் படிக்கலாம். புது பிளக் போட்டு, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஸ்லோவில் வீடு வரை வந்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் ஸ்லோவின் நிறத்தைத்தான் பார்ப்பீர்கள். பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு, உடனே நிறுத்துங்கள். கரி பூசினாற்போல் இருந்தால் கெட்டி. ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் நிறம் லேசாகத்தான் ஏறும். அதனால் பீங்கானின் நுனியோடு நிற்காமல், டார்ச் அடித்து உள்ளே அடிப்பகுதியில் இருக்கும் மெல்லிய வளையத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஊசி. மேல் மூடியைத் திருகி ஸ்லைடை வெளியே எடுத்தால், ஊசியின் தலைப்பக்கம் ஐந்து வெட்டுகள் தெரியும், ஒன்றில் சின்னக் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மேல் வெட்டுக்கு ஏற்றினால் குறையும். இது பலருக்குத் தலைகீழாகவே மனதில் பதிந்திருக்கிறது, இரண்டு முறை யோசித்துச் செய்யுங்கள். கிளிப்பைக் கழற்றும்போது துணிக்குள் வைத்துக் கழற்றுங்கள். தெறித்தால் கிடைக்காது, எஞ்சின் பக்கம் விழுந்தால் இன்னும் ஆபத்து. ஸ்லைடைத் திரும்ப இறக்கும்போது அதன் பள்ளம் உள்ளேயுள்ள முளையில் சரியாக உட்கார வேண்டும். மாறி மாட்டினால் ரேஸ் ஏறியபடியே நின்றுவிடும், அப்படி ஸ்டார்ட் செய்தால் விபத்துதான். கையால் திருகிப் பார்த்து, டக்கென்று சத்தத்தோடு ஸ்லைடு கீழே விழுகிறதா என்று கேட்டுவிட்டு மட்டும் உதையுங்கள்.

சைலன்சர் மட்டும் மாற்றிய புல்லட்டில் ஊசியை ஒரு வெட்டு உயர்த்துவதிலேயே பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும். அரை ஆக்சிலேட்டரில் மேட்டில் வரும் திணறல் அதோடு போகும். ஸ்லைடையே மாற்ற வேண்டிய தேவை அநேகமாக வராது.

கடைசியில் ஸ்லோ. வி.எம். கார்பரேட்டரில் பக்கவாட்டில் இரண்டு திருகுகள். பெரியது ஸ்லைடைத் தாங்கும் ஸ்லோ ஸ்க்ரூ, சின்னது ஏர் ஸ்க்ரூ. ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுவதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கால் சுற்றுக் கால் சுற்றாக இருபக்கமும் திருகிக் காதைக் கொடுங்கள். ஓரிடத்தில் ஓட்டம் உச்சத்துக்கு ஏறி, அடி ஒரே சீராக விழும். அதுதான் இடம். ரேஸ் ஏறியிருந்தால் ஸ்லோ ஸ்க்ரூவால் இறக்கிவிட்டு, மறுபடி ஒருமுறை பாருங்கள். உச்சம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறியது, ஒரு அளவு கூட்டுங்கள். இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரியது. இந்தத் திருகு காற்றை அளப்பது, உள்ளே திருகினால் கலவை கெட்டியாகும். ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் வெடிப்பு அடங்குவது இங்கேதான். திறந்த சைலன்சரில் ஒன்றிரண்டு வெடி கேட்கத்தான் செய்யும், அதை முழுவதும் அடக்கப் போய்ப் பிளக்கைக் கரியாக்காதீர்கள்.

2020-க்கு முந்தைய கிளாசிக் 350 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கார்பரேட்டர் வேறு இனம். ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை, காற்றழுத்தமும் ஒரு ரப்பர் சவ்வும். அதில் கலவைத் திருகு எஞ்சின் பக்கம் இருக்கும், பெட்ரோலை அளக்கும். வெளியே திருகினால்தான் கெட்டி. புல்லட்டுக்கு நேர் எதிர். பக்கத்து வண்டியைப் பார்த்துத் திருகாதீர்கள்.

எல்லாம் சென்னையில் சரியாக அமைத்த வண்டி ஊட்டியில் கரும்புகை விட்டால் பயப்பட வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கலவை தானாகக் கெட்டியாகும். ஓரிரு நாள் சுற்றுலாவுக்கு ஜெட் மாற்ற வேண்டியதில்லை.

சைலன்சர் விஷயத்தில் சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மருத்துவமனை வாசலில் நின்று கேட்டால் அந்தச் சட்டத்தின் நியாயம் யாருக்கும் புரியும். உள்ளே தடுப்பு உள்ள சைலன்சரே போதும். முழுக்கத் திறந்த குழாயில் சத்தம் கூடும், கீழ் வேகத்தில் புல்லட்டுக்கே உரிய அந்த இழுவை குறையும்.

இன்னொன்று, சைலன்சரையும் ஃபில்டரையும் தொடாதவர்களுக்கும் பொருந்தும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. பழைய பெட்ரோலுக்கு அமைத்த கார்பரேட்டர் இதில் தானாகவே மெலிவாக ஓடும். அதன் மேல் சைலன்சரும் ஃபில்டரும் மாற்றினால் மெலிவு இரட்டிப்பாகிறது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் நண்பர் சொன்ன ஜெட் எண்ணை இன்று அப்படியே போடாதீர்கள். நான் சொன்ன சோதனையை இன்றைய பெட்ரோலில் செய்து பாருங்கள். பழைய ரப்பர் வளையங்களையும், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் மிதவை ஊசியின் நுனியையும் அப்போதே பார்த்துவிடுங்கள், எத்தனாலில் அவை உப்பும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பைலட் ஜெட்டின் துளை மயிரிழைதான், அதுதான் முதலில் அடைபடும்.

கழற்றிய பழைய ஜெட்களை எண்ணோடு ஒரு பொட்டலத்தில் கட்டி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். எந்த வெட்டில் கிளிப், எத்தனை சுற்று ஏர் ஸ்க்ரூ என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். வண்டி கைமாறும்போது அதுவும் சேர்ந்தே போகட்டும்.

நன்றி, வணக்கம்.