பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கேமியோ நகைகளைப் பற்றிப் பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

வரும்போது ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுவந்தேன். இப்போது இந்த மேசையில் பிரித்து வைத்திருக்கிறேன். முட்டை வடிவத்தில் ஒரு சிப்பித் துண்டு, பெருவிரலை விடச் சற்றுப் பெரியது. பழுப்புத் தரையில் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கமுகம், கூந்தலில் திராட்சைக் குலை. ஒரு காலம் இதைச் சுற்றித் தங்கச் சட்டம் இருந்தது. கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகும்போது அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் குத்திக்கொள்ளும் புரோச் இது. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து நின்ற நாட்களில் அம்மா அதை ஒரு நகைக்கடையில் விற்றார். கடைக்காரர் சட்டத்தை நெம்பிக் கழற்றித் தராசில் போட்டார். இந்தத் துண்டைக் கடதாசியில் சுற்றித் திருப்பித் தந்தார். "இது வெறும் சிப்பி அக்கா, எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

அவர் பார்த்தது எடைக்கணக்கு, அதில் பிழை இல்லை. ஆனால் இந்த நகையின் வயதைச் சொல்லக்கூடிய சாட்சி முழுவதும் அந்தச் சட்டத்தோடு மூசைக்குள் போய்விட்டது. அதை நான் விளங்கிக்கொள்ளப் பல வருடம் சென்றது. இன்று நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

கேமியோ என்றால் புடைப்பாகச் செதுக்கிய உருவம். முத்திரை மோதிரத்தில் உருவம் குழிந்து உள்ளே போகும். கேமியோவில் மேலெழுந்து நிற்கும். இரண்டு நிறப் படைகள் கொண்ட பொருளை எடுத்து, மேற்படையில் உருவத்தை விட்டு, மிச்சத்தைக் கீழ்ப்படை தெரியும்வரை சுரண்டி எடுப்பார்கள். வெள்ளை முகமும் பழுப்புத் தரையும் ஒரே துண்டு. பூசியதுமில்லை, ஒட்டியதுமில்லை.

சங்கு அறுத்து வளையல் செய்த மரபு நமக்குச் சங்க காலத்திலிருந்தே உண்டு, மன்னார்க் கடலில் சங்கு குளித்தார்கள், அப்படியிருக்க நம்மவர் ஏன் கேமியோ செய்யவில்லை என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. நமது வலம்புரி, இடம்புரிச் சங்கு தடித்தது, உறுதியானது, ஆனால் உள்ளும் புறமும் பெரும்பாலும் ஒரே வெள்ளை. வளையலுக்கு அது போதும். கேமியோவுக்கு வெள்ளைக்குக் கீழே வேறொரு நிறம் வேண்டும். அது ஹெல்மெட் ஷெல் எனப்படும், தலைக்கவசம் போன்ற பெரிய சங்கினத்தில் கிடைக்கிறது. ஒரு வகையில் வெள்ளைக்குக் கீழே கடும் பழுப்பு. அது கரீபியன் கடலில் கிடைப்பது, விஞ்ஞானப் பெயரில் மட்டும் மடகஸ்கார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் செம்மஞ்சள், அது நமது இந்து சமுத்திரத்தில், கிழக்கு ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து போனது.

இவை போய்ச் சேர்ந்த இடம் இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் உள்ள தோரே தெல் கிரேக்கோ. பவளத்துக்குப் பேர்போன கரையோர ஊர். 1878இல் அங்கே பவள வேலைக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இன்றும் அங்கே சிப்பி செதுக்குகிறார்கள். வெட்டிய துண்டை ஒரு மரக்கைபிடியின் நுனியில் கீல் வைத்து ஒட்டி, இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் கூரிய சிற்றுளியைத் தள்ளுவார்கள். நம்மூர்த் தட்டார் அரக்கில் பதித்து வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது.

இந்த நகைகள் திருகோணமலைக்கு வந்த வழியை ஊகிப்பது கடினமில்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் 1957வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். அதிகாரிகளின் மனைவிமார் வந்தார்கள், போனார்கள். டொக்யார்ட்டில் வேலை செய்த குடும்பங்களிலும், பாலையூற்றுப் பறங்கிக் குடும்பங்களிலும், பழைய கிறிஸ்தவ வீடுகளின் அலுமாரி லாச்சிகளிலும் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கின்றன. பெரும்பாலும் "அம்மம்மாட வெள்ளைக்காரிப் புரோச்" என்ற பெயரில்.

அப்படி ஒன்றை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். அது கடற்படையின் நகை என்பது வீட்டார் நம்பிக்கை, காரணம் சட்டத்தின் பின்னால் ஒரு சின்ன நங்கூர முத்திரை. அவருடைய தம்பியோ வேறு சொன்னாராம்: "22 கரட் இல்லை அக்கா, மட்டத் தங்கம், குடுத்துவிடுங்கோ."

திருப்பி வைத்து, தட்டார் கண்ணில் இடுக்கும் லென்ஸால் பார்த்தேன். நங்கூரத்துக்குப் பக்கத்தில் 15 என்றும், 24இல் 15 பங்கு தங்கம் என்பதைக் காட்டும் .625 என்றும் இருந்தது. நங்கூரம் கடற்படையுடையது அல்ல. அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தங்கத்தின் தரம் சோதிக்கும் நிலையத்தின் முத்திரை. 1773இல் தொடங்கிய நிலையம். பர்மிங்ஹாமுக்குக் கடலே இல்லை. தம்பி பழித்த அந்த 15 கரட்தான் எனக்குப் பெரிய செய்தி. பிரித்தானியாவில் 15 கரட் தங்கத்துக்கு 1854இல் அனுமதி கொடுத்தார்கள், 1932இல் நிறுத்தினார்கள். ஆகவே அந்தச் சட்டம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் செய்யப்பட்டது. தங்கம் 'மட்டமாக' இருந்ததால்தான் அதன் காலம் தெரிந்தது.

பிறகு ஊசியைப் பார்த்தேன். நுனி சட்டத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டும் கொக்கி வெறும் அரைவளையம், பூட்டு இல்லை. இது 19ஆம் நூற்றாண்டின் பழக்கம். சுழற்றிப் பூட்டும் பாதுகாப்புக் கொக்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகே பரவியது. ஆனாலும் கொக்கியை மட்டும் நம்ப வேண்டாம். உடைந்த ஊசியை மாற்றியிருப்பார்கள், அப்படியானால் பற்றாசு வைத்த தடம் தெரியும். மலிவான புது நகைகளிலும் அரைவளையக் கொக்கி வருகிறது. முத்திரை, கொக்கி, செதுக்கல் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் நான் காலம் சொல்வேன்.

கடைசியாக ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். சிப்பியானால் வெளிச்சம் ஊடுருவும். முகம் பின்பக்கத்திலிருந்து நிழலாகத் தெரியும். பின்புறம் சங்கின் வளைவோடு சற்றுக் குழிந்திருக்கும். போனில் உள்ள லைட்டே போதும். அப்படிப் பிடிக்கும்போது மயிரிழை வெடிப்புகளும் தெரியும். பழைய சிப்பியில் அவை வழக்கம்.

பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் அச்சில் வார்த்தவை ஏராளம். லென்ஸில் பார்த்தால் மூக்கு, உதடு, கூந்தல் ஓரங்கள் எல்லாம் உருகினாற்போல் மழுங்கியிருக்கும். சில இடத்தில் காற்றுக் குமிழித் துளை தெரியும். கையால் செதுக்கியதில் உளி போன கோடு தெரியும், மயிர்க்கற்றை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வோர் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அசல் என்றாலும் வடு நிற்கும்.

கல்லில் செய்தவை வேறு. சார்டோனிக்ஸ், அகேட் போன்ற படைக்கற்களை இரும்பு உளி கீறாது. சுழலும் கருவியும் அரைக்கும் பொடியும் கொண்டு தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும். தொட்டால் சில்லென்று இருக்கும், பாரமாக இருக்கும். வியன்னாவில் உள்ள ரோமப் பேரரசர் அகஸ்டஸின் கேமியோ இந்த வகை. இக்காலத்தில் ஜெர்மனியின் ஈடார் ஓபர்ஸ்டைனில் மீயொலி இயந்திரத்தால் கல்லில் வெட்டுகிறார்கள். அவற்றின் மேற்பரப்பு லென்ஸில் புதிதாக விழுந்த பனி போலச் சொரசொரப்பாகத் தெரியும், உளிக்கோடு இராது. வெள்ளை உருவத்தைத் தனியே செய்து கறுப்புக் கல்லில் ஒட்டியவையும் உண்டு. விளிம்பில் பசைக்கோட்டைத் தேடுங்கள். சாம்பல், களிமண் நிறங்களில் துருத்திக்கொண்டு நிற்கும் முகம் கிடைத்தால் அது லாவா கேமியோவாக இருக்கலாம். வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பே நகரைப் பார்க்கப் போனவர்கள் நினைவுக்கு வாங்கி வந்தவை.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவை பெரும்பாலும் கிரேக்கப் புராணப் பெண்கள்: கூந்தலில் பாம்பு என்றால் மெதூசா, கழுகுக்குக் கிண்ணம் நீட்டினால் ஹீபி, திராட்சை என்றால் மதுத் தெய்வத்தின் அடியாள். பழையவற்றில் மூக்கு நெற்றியிலிருந்து நேராக இறங்கும்; பிற்காலத்தில் நுனி நிமிர்ந்த சின்ன மூக்கோடு, யாரென்று சொல்ல முடியாத அழகிகள் வந்தார்கள். இது குறிப்பு மட்டும்தான், சாட்சி அல்ல.

சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகளில் பெரிய நாசம் நடக்கிறது. நகை என்றால் புளி, தேசிக்காய். நானே ஆரம்பத்தில் ஒரு சிப்பித் தோட்டைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவிட்டேன். எடுத்தபோது மினுக்கம் போய், சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறியிருந்தது, கண்ணிமைக் கோடு அழிந்திருந்தது. சிப்பியைச் சுட்டுத்தானே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிறோம். புளிப்புப் பட்டால் அது கரையும். பவளமும் அப்படியே. நகச்சூட்டுத் தண்ணீர், ஒரு துளி மென்மையான சவர்க்காரம், மெல்லிய தூரிகை, போதும். ஊறவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பேபி ஒயில் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுப் பூசி, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். வறண்ட சிப்பிதான் வெடிக்கும்.

ஆசிரியை தன் புரோச்சை விற்கவில்லை. முன்னும் பின்னும் படம் எடுத்து, முத்திரையைப் பெரிதாக்கி எடுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். கட்டாயம் விற்றுத்தான் ஆக வேண்டும் என்று நிற்பவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: சட்டத்தைக் கழற்ற விடாதீர்கள், கழற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கு முன் பின்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.

அம்மாவின் இந்தத் துண்டில் எனக்குத் தெரிவது கொஞ்சம். சிப்பி, கையால் செதுக்கியது, செம்மஞ்சள் கலந்த பழுப்புத் தரை, மூக்கு நேர். இடது விளிம்பில், அன்று கடையில் ஆயுதம் வைத்து நெம்பிய இடத்தில், பிறை வடிவில் ஒரு சிறு உடைவு. சட்டத்தில் ஏதாவது முத்திரை இருந்ததா என்று அம்மாவிடம் பிறகு கேட்டேன். எழுத்துப் போல ஏதோ இருந்தது, விரலில் நெருடும் என்றார். விரல் நுனியைத் தடவிக் காட்டினார்.