பி.டி. பீரியடை யார் எடுத்துக்கொண்டது?

நேயர்களுக்கு வணக்கம். "எப்பப் பார்த்தாலும் தின்னுட்டே இருக்கா டாக்டர், சொன்னா கேக்க மாட்டா." மகளின் எடை கூடுகிறது என்று வரும் அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் அந்த மகள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். என்ன சாப்பிடுகிறாள் என்பதை அப்புறம்தான் கேட்பேன். காலையில் இருந்து ராத்திரி வரை என்ன செய்கிறாள் என்பதை முதலில் சொல்லச் சொல்வேன்.

காலை ஏழரைக்கு வேன். அவசரத்தில் இரண்டு வாய் புட்டு, சில நாள் அதுவும் இல்லை. பள்ளி விட்டால் டியூஷன். நடுவில் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு பேக்கரி. பப்ஸும் குளிர்பானமும், இல்லையென்றால் ஏத்தங்காய் சிப்ஸ். ஒன்பதரைக்குச் சோறு, பிறகு வீட்டுப்பாடம், செல்போன். படுக்கப் பன்னிரண்டாகிவிடும். 13 முதல் 18 வயது வரை 8 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். சரி, இதில் அவள் ஓடி விளையாடியது எப்போது? பள்ளி வயதுப் பிள்ளைகள் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே இருக்கிற பி.டி. பீரியடையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரிதான். படிப்பு என்று சொன்னால் நம் ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

பையன் என்றால் ஞாயிற்றுக்கிழமையாவது கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பெண் பிள்ளைக்கு வயசுக்கு வந்ததோடு சைக்கிளும் நின்றுபோகிறது. அந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொஞ்சம் சதை போடுவது இயற்கை. அதற்காகப் பட்டினி போடாதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கப் பெரியவர்களுக்குச் சொல்லும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 25 என்ற அளவும் அவளுக்குப் பொருந்தாது. வயதுக்கு ஏற்ற அட்டவணை இருக்கிறது. அம்மா அப்பாவின் உடல்வாகும் சேர்ந்துதான் வரும். அதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, நிறுத்தட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அவித்துக் கொஞ்சம் சாப்பிடட்டும், மீனையும் பயறையும் கூட்டிக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டியது தினசரிக் குளிர்பானத்தைத்தான்.

இன்னொன்று, பின்கழுத்து. அங்கே தோல் கருத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால், அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டு உரசாதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். கூடவே மாதவிலக்கும் மூன்று மாதம் வராமல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தலைமையாசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம். அட்டவணையில் பி.டி. என்று போட்டிருக்கும் நேரத்தில் பெண் பிள்ளைகளை மைதானத்தில் விடுங்கள், கழிப்பறையைப் பூட்டாமல் வையுங்கள். கணக்கு டீச்சர் கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். வணக்கம்.