பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது?

(தருமபுரியில் தொடக்கக் கல்வி ஆய்வுத் திட்டத்தின் களப்பணியாளர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும் களத்துக்குப் போகவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

எழுத்தறிவு பற்றி நம் மாவட்டத்தில் யார் பேச எழுந்தாலும் ஓர் எண்ணில்தான் தொடங்குவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி 80.09 சதவீதம். தருமபுரி 68.54; மாநிலத்திலேயே கடைசி. 2004-இல் பிரிந்துபோன கிருஷ்ணகிரி 71.46. சரி, இந்த எண் எப்படி வந்தது? கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, வீட்டில் ஏழு வயது நிரம்பியோரில் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்டார். வீட்டார் சொன்னதைக் குறித்துக்கொண்டார். ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. நாடு முழுக்க எண்ணும்போது அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் இந்த ஆய்வை நடத்தும் பல்கலைக்கழகமும் பணம் செலவழித்து இன்னொரு சதவீதத்தைக் கண்டுபிடித்து அச்சடிப்பதில் யாருக்கு என்ன பயன்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பில் எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைப் பார்த்து, அந்த வாரமே வகுப்பாசிரியர் கையில் கொடுப்பதுதான் நம் வேலை.

கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும், 2005 முதல் நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள் உங்களில் பலருக்குப் பழக்கம்தான். முதலில் பத்தி. தட்டுத்தடுமாறாமல், மூன்று பிழைக்குள் வாசித்தால் கதைக்குப் போகலாம். முடியவில்லையா, சொற்கள்: ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள், அங்கும் ஐந்துக்கு நான்கு. எளிய முறை, நல்ல முறை. ஆனால் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அந்தப் படியில் எது தடுக்கிறது என்று சொல்லாது.

அதற்காகத்தான் உயிர்மெய்த் தாள் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். 216 உயிர்மெய்களிலிருந்து 40 எழுத்துகள், வரிசை கலைத்து, 60 விநாடி. வரிசையைக் கலைக்காவிட்டால் சோதனையே பாழ். க, கா, கி, கீ என்று ராகம் போட்டுப் பிள்ளை ஒப்பித்துவிடும், கண் எழுத்தின்மேல் இருக்காது. நாற்பதையும் நான்கு இனமாகப் பிரித்திருக்கிறோம். துணைக்காலும் மேல்விலங்கும் வருபவை ஓர் இனம்: கா, மி, தீ. உகர ஊகாரத்தில் உருவே மாறுபவை அடுத்தது: கு, து, மு, ரூ. மூன்றாவது, கொம்பு முன்னால் நிற்கும் கெ, கே, கை. கடைசி, இருபுறமும் குறி வரும் கொ, கோ. பின்னிரண்டு இனங்களில்தான் வண்டி நிற்கும். கண் கொம்பை முதலில் பார்க்கிறது. வாய் மெய்யை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. துணைக்காலை ‘ர’ என்று எண்ணி, ‘கொ’வைக் ‘கெர’ என்று வாசிக்கும் பிள்ளையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. கண்ணில் பட்டதைப் படிக்கிறது. ஆகவே மொத்த மதிப்பெண்ணை எழுதி நிறுத்தாதீர்கள், இனவாரியாக எழுதுங்கள். ‘40-க்கு 22’ என்றால் ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வார்? ‘கொம்பு எழுத்து பத்தில் இரண்டு’ என்றால் மறுநாளே பலகைக்குப் போவார். முதல் வரி முழுதும் தப்பாக வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துப் பெறும் எண் நமக்கு வேண்டாம்.

பிழை போடும் இடத்தில்தான் சோதிப்பவர்கள் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசித்தால் பிழை அல்ல. வீட்டில் அப்படித்தான் பேசுகிறது. எழுத்தைச் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது. ‘பாடம்’ என்று வாசித்தால் பிழை. தானே திருத்திக்கொண்டால் சரி. பயிற்சியில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரே பத்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனியே மதிப்பிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருவரும் வெவ்வேறு படி எழுதினால் அந்த இணை களத்துக்குப் போகாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறு கதை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழ்ப் பத்தியைக் கடகடவென்று வாசித்துவிட்டு, கதையில் ஆடு எங்கே போனது என்று கேட்டால் விழிக்கும். அங்கே கேள்வியை வீட்டு மொழியிலும் கேளுங்கள், பதிலையும் அதிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். பத்தி பாடநூலில் இருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. மனப்பாடத்தை வாசிப்பு என்று எழுதிவிடுவோம்.

மாதிரி எண்ணிக்கையில் ஆய்வு மாணவர்கள் ஏமாறுவது வழக்கம். 30 பள்ளி, பள்ளிக்கு 20 பிள்ளை, ஆக 600 என்று மகிழ்வார்கள். ஒரே ஊர், ஒரே ஆசிரியர். பிள்ளைகளின் வாசிப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த ஒப்புமையைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் 0.2 என்று கொண்டால், பள்ளிக்கு 20 பேரில் ஒருவரைக் கழித்து, 1 + 19 × 0.2 = 4.8. அறுநூறை இதால் வகுத்தால், உண்மையான பலம் 125 பேர்தான். 60 பள்ளிகளில் பத்துப் பத்துப் பேர் என்றால் வகுக்கும் எண் 2.8 ஆகி, 214 கிடைக்கும். சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் வண்டிச் செலவு கூடும். கூடட்டும்.

காலம் இன்னொரு வில்லங்கம். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பென்னாகரம், அரூர் வட்டாரங்களில் உண்டு. ஜூலையில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை சோதித்தால், பின்தங்கியவர்கள் ஊரில் இல்லாததாலேயே சராசரி ஏறும். யாரும் எதுவும் கற்றிருக்க வேண்டியதில்லை. இருமுறையும் அகப்பட்ட பிள்ளைகளை மட்டும் ஒப்பிடுங்கள். போனவர்களின் ஜூலை நிலையைத் தனி அட்டவணையாகப் போடுங்கள். இரண்டாவது சோதனையைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுவது இன்னும் நல்லது.

2022-இல் தமிழ்நாடு அரசு தொடக்க வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலைப்படி அடியிலிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்ற குழுக்கள் ஏற்கெனவே வகுப்பில் இருக்கின்றன. புதுப் பெயர் வைத்துக் குழப்ப வேண்டாம். நாம் ஆசிரியருக்குத் தரும் முடிவுத் தாளும் அந்தக் குழுக்களின் கீழேயே பிள்ளைகளின் பெயர்களைக் கொடுக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து இடம் மாற்றாவிட்டால் அரும்பில் விழுந்த பிள்ளை ஆண்டு முழுக்க அரும்புதான். பெயர்த் தாள் வகுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு வருவதில் குறியீட்டு எண் போதும்.

நாளைக்கு ஸ்டாப்வாட்ச் தனியாகக் கொண்டு வாருங்கள். செல்போனில் நேரம் பார்த்தால் நடுவில் அழைப்பு வரும், பிள்ளையும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்.