பெட்டியில் வராத கம்பிகள்

வணக்கம் நேயர்களே.

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவர்கள் வீட்டு அலமாரியில் ஏதாவது ஒரு பெட்டி பிரிக்காமலே வருஷக்கணக்கில் கிடக்கும். பெரும்பாலும் அது இரட்டை இறக்கை விமானமாக இருக்கும். பாகங்கள் அதிகம் என்பதல்ல காரணம். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற கம்பிகள்தான் ஆளை மிரட்டுகின்றன. அந்தக் கம்பிகள் பெட்டிக்குள் வராது. நாமேதான் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு விமானத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பிரிட்டிஷ் கடற்படை இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்திய ஃபேரி ஸ்வார்ட்ஃபிஷ்.

இந்த விமானம் 1934 ஏப்ரலில் முதன்முதலில் பறந்தது. உலோகச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. திறந்த காக்பிட்டில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர்: விமானி, வழி பார்ப்பவர், வானொலியையும் துப்பாக்கியையும் கவனிப்பவர். முழு மூச்சாக ஓட்டினாலும் மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதே நாட்டின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். ஆக, போர் தொடங்கியபோதே இது பழைய காலத்துச் சரக்கு. ஆனால் 1944 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 2,391 விமானங்கள். அவற்றில் பெரும்பகுதியைச் செய்தது ஃபேரி நிறுவனம்கூட இல்லை, பிளாக்பர்ன் என்ற இன்னொரு நிறுவனம்.

ஏன் இதை விடவில்லை? இறக்கையைப் பார்த்தால் புரியும். பெரிய இறக்கைகள் இரண்டு இருப்பதால் மிகக் குறைந்த வேகத்திலும் காற்றில் நிற்கும். ஆடுகிற கப்பல் தளத்திலிருந்து ஏறவும் மறுபடி வந்து இறங்கவும் அது வேண்டும். சுமார் 700 கிலோ எடையுள்ள டார்பிடோவை வயிற்றில் கட்டிக்கொண்டு தண்ணீரை ஒட்டி நிதானமாகப் பறக்கவும் வேண்டும். அவ்வளவு பெரிய இறக்கையை எடை கூடாமல் விறைப்பாக வைத்திருப்பது எது? இந்தக் கம்பிகள்தான். மாடல்காரருக்குத் தொல்லையாகத் தெரிகிற பொருள், அந்த விமானத்துக்கு எலும்பு.

சரி, பெட்டிக்கு வருவோம். மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 2012-இல் புதிய அச்சில் வெளியிட்டது 1/72 அளவு, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இன்னொரு நிறுவனமான தமியா 1999-இல் வெளியிட்டது 1/48 அளவு. உண்மையான இறக்கையின் அகலம் 13.87 மீட்டர். முதல் மாடலில் அது 19 சென்டிமீட்டர், இரண்டாவதில் 29. முதன்முறை கம்பி கட்டுகிறவருக்கு நான் 1/48-ஐத்தான் சொல்வேன். விரல் நுழைய இடம் வேண்டுமே! சின்னது சுலபம் என்று நினைத்து 1/72 வாங்குவது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் செய்கிற தப்புக் கணக்கு.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்கள் கைகளையே படமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். வலது கை மேலே, இடது கை அதற்கு நேர் கீழே ஒரு சாண் தள்ளி. மணிக்கட்டுப் பக்கம் விமானத்தின் உடல், விரல் நுனி இறக்கையின் நுனி. விமானம் பறக்கும்போது காற்று இரண்டு கைகளையும் மேலே தூக்கும். விரல் நுனிகள் மேல்நோக்கி வளையப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு கயிறு கட்ட வேண்டுமென்றால் எங்கே கட்டுவீர்கள்? கீழ்க்கையின் மணிக்கட்டிலிருந்து மேல்கையின் விரல் நுனிக்குச் சாய்வாக. இது பறக்கும்போது சுமை தாங்குகிற கம்பி. விமானம் தரையில் நிற்கும்போது கதை தலைகீழ். இறக்கையின் சொந்த எடையே நுனியைக் கீழே இழுக்கும். அப்போது வேலை செய்வது, மேல்கையின் மணிக்கட்டிலிருந்து கீழ்க்கையின் விரல் நுனிக்கு வருகிற கம்பி. இரண்டையும் சேர்த்தால் ஒரு பெருக்கல் குறி கிடைக்கும். கையை இறக்கிக்கொள்ளலாம்.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் வழிகாட்டித் தாளில் இருக்கிற கோடுகள் மிரட்டாது. பறக்கும் சுமையைத் தாங்குகிற கம்பிகள் ஏன் இணையாக இரண்டிரண்டாக ஓடுகின்றன என்று கேள்வி வராது. காற்றில் தூக்குகிற விசை, தரையில் இழுக்கிற எடையைவிடப் பல மடங்கு அதிகம். தாளைப் பார்த்துக் கோடு போடுகிற மாதிரி கட்டுகிறவர் ஏதாவது ஒன்றைத் தவறான மூலையில் முடித்துவிடுவார். விசையை நினைத்துக் கட்டுகிறவருக்கு அந்தத் தவறு உடனே கண்ணில் உறுத்தும்.

இனி எதால் கட்டுவது? உண்மைக் கம்பி உருண்டையானது அல்ல. காற்றைக் கிழித்துப் போவதற்காக இரண்டு ஓரமும் மெலிந்து தட்டையாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தாலும் 1/48-இல் அது 0.2 மில்லிமீட்டர், 1/72-இல் 0.14. தமியா மாடலுக்கென்று மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த கம்பித் தொகுப்பு தனியாக விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு அதுதான் அசலுக்குக் கிட்ட. ஆனால் உலோகம் நீளாது, சுருங்காது. இறக்கை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கம்பி ஒன்று எட்டாது, அல்லது வளைந்து நிற்கும். தூண்டில் போடுகிறவர்கள் தங்கூசி என்று சொல்கிற நைலான் நரம்பு மலிவு, உறுதி. ரப்பர் போல நீள்கிற நூலும் இருக்கிறது. கை பட்டாலும் அறாது, விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். காசே செலவழிக்க வேண்டாம் என்பவர், பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்தியின் சூட்டில் இளக்கி இரண்டு பக்கமும் இழுக்கலாம். முடி மாதிரி மெல்லிய இழை வரும். அதை ஒட்டிய பிறகு தளர்ந்திருந்தால், கனிகிற ஊதுபத்தியின் நுனியைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் போதும், சுருங்கி நேராகிவிடும். பட்டுவிட்டால் அறுந்துவிடும், அவ்வளவுதான்.

சுமை தாங்குகிற நீளமான கம்பிகளுக்குத் தங்கூசியும், கை அடிக்கடி படுகிற இடங்களுக்கு நீள்கிற நூலும் என் தேர்வு. இறக்கைகளைச் சேர்ப்பதற்கு முன்பே 0.3 மில்லிமீட்டர் துளைகளைப் போட்டுவிட வேண்டும். மேல் இறக்கையில் நரம்பின் ஒரு முனையைப் பசை வைத்து நிறுத்தி, மற்ற முனைகளைத் தொங்கவிட வேண்டும். இறக்கைகள் சேர்ந்து பசை நன்றாக இறுகிய மறுநாள், தொங்குகிற முனைகளைக் கீழ் இறக்கைத் துளைகள் வழியாக விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினால் அதன் எடையே நரம்பை நேராக்கும். அப்புறம் ஒரு துளி சூப்பர் குளூ. அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க முடித்துவிடக் கூடாது. கயிற்றுக் கட்டில் மாதிரிதான் இது, ஒரு மூலையை இறுக்கினால் எதிர் மூலை தளரும். இடம், வலம், மறுபடி இடம் என்று மாறி மாறிப் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாதாரணமாக ஒரு விமானத்தை முழுக்க ஒட்டி, இடுக்கை நிரப்பி, உரசி, கடைசியில் பெயின்ட் அடிப்போம். இங்கே அது நடக்காது. கம்பி கட்டிய பிறகு பிரஷ் உள்ளே போகாது. அதனால் பெயின்ட், டெக்கால் என்கிற ஒட்டுச் சின்னங்கள் எல்லாம் முதலில், இறக்கை சேர்ப்பது பிறகு, கம்பி கடைசி.

பெயின்டிலும் ஒரு விசேஷம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. போரின் முதல் ஆண்டுகளில் இந்த விமானத்தின் மேல் இறக்கைக்குக் கருஞ்சாம்பலும் பச்சை கலந்த கரும்பலகைச் சாம்பலும் அடித்தார்கள். கீழ் இறக்கையின் மேற்பரப்புக்கு அதே இரண்டு நிறங்களின் வெளிறிய வகை. காரணம் நிழல். மேல் இறக்கையின் நிழல் விழுந்து கீழ் இறக்கை இருண்டு தெரியும். வெளிறிய நிறம் அடித்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே இருட்டாகத் தெரியும், விமானத்தின் உருவம் கடலில் கரையும். ஆக, மேலே பார்க்கிற பரப்புகளுக்கு மட்டும் நான்கு நிறங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டே நிறத்தில் முடித்த மாடல்கள் ஏராளம். அடுத்தது துணி. சில பெட்டிகளில் துணி எலும்புகளுக்கு நடுவே தொய்ந்து தெரியும்படி அச்சு செய்திருப்பார்கள். உண்மையில் பூச்சு பூசிய துணி விறைத்து நிற்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசிவிடுவது நல்லது.

அடுத்து, எந்த நாளின் விமானம் என்று முடிவு செய்யாமல் காக்பிட்டை மூடாதீர்கள். 1940 நவம்பர் 11 இரவு, இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து 21 ஸ்வார்ட்ஃபிஷ்கள் இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தைத் தாக்கின. மூன்று போர்க்கப்பல்கள் அடிபட்டன, திரும்பாத விமானங்கள் இரண்டே. தூரம் அதிகம் என்பதால் டார்பிடோ சுமந்த விமானங்களில் நடு இருக்கையில் கூடுதல் எரிபொருள் தொட்டியை வைத்தார்கள். துப்பாக்கிக்காரர் வரவில்லை, வழி பார்ப்பவர் கடைசி இருக்கைக்குப் போனார். டாரன்டோ என்று பெயர்ப்பலகை எழுதிவிட்டு மூன்று பொம்மைகளை உட்கார வைத்தால் தவறு. 1941 மே 26 மாலை ஆர்க் ராயல் கப்பலிலிருந்து போனவை ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: அங்கே நடுக்கடலில் ஜெர்மன் போர் விமானம் எதுவும் இல்லை.

அது இருந்த இடங்களில் என்ன ஆனது? 1942 பிப்ரவரி 12, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்கப் பட்டப்பகலில் எஸ்மான்ட் என்ற அதிகாரியின் தலைமையில் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் போயின. ஆறும் விழுந்தன. 18 பேரில் தப்பியவர்கள் ஐந்து பேர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அதே நேரம் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து 788-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் டார்பிடோக்களோடு கொழும்புக்கு அருகே இருக்கிற இரத்மலானைக்குப் பறந்துகொண்டிருந்தன. வழியில் ஜீரோ என்கிற ஜப்பானியப் போர் விமானங்கள் மடக்கின. மறுபடி ஆறும் விழுந்தன. டாரன்டோவின் இருட்டில் காப்பாற்றிய அதே பெரிய இறக்கையும் அதே நிதானமும் பகலில் ஒரு போர் விமானம் எதிரே வந்துவிட்டால் எதற்கும் உதவவில்லை. டாரன்டோவையும் பிஸ்மார்க்கையும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். சீனன்குடாவிலிருந்து கிளம்பியதை யாரும் செய்வதில்லை. நம் கடலோரத்து ஆட்களாவது செய்யலாம். தொட்டி வேண்டாம், டார்பிடோ கட்டாயம் வேண்டும்.

பெட்டி வாங்கும்போது எந்த மார்க், அதாவது விமானத்தின் எந்த வகை, என்று பாருங்கள். மார்க் 2-இல் கீழ் இறக்கையின் அடிப்பக்கம் துணி அல்ல, உலோகம். ராக்கெட் சுடும்போது தீப்பிடிக்காமல் இருப்பதற்காக அந்த மாற்றம். மேலே சொன்ன சம்பவங்கள் எல்லாவற்றுக்கும் மார்க் 1 தான் சரி. கம்பிகள் எங்கே முடிகின்றன என்று நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தின் யோவில்டனில் இன்னும் பறக்கிற நிலையில் வைத்திருக்கிற ஸ்வார்ட்ஃபிஷின் படங்களைத் தேடுங்கள். முடித்த மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தூசி தட்டியே ஆக வேண்டுமென்றால் மேக்கப் பிரஷ் போதும். துணியை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள், முதல் கம்பியிலேயே சிக்கிக்கொள்ளும்.

வணக்கம்.