அனனியாவின் துணிவும் நமது கல்லறைத் தோட்டமும்

(பிரதிஷ்டைப் பண்டிகைச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேரன்பிற்குரிய பேராயர் அவர்களே, எங்களைப் பொறுமையோடு மேய்த்துவரும் சேகரகுருவானவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற பின்னும் பாடகர் குழுவைக் கைவிடாத தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, விடியற்காலை முதல் அசனம் என்னும் சபைப் பொதுவிருந்தின் அடுப்புகளின் அருகே நிற்பதனால் என் பேச்சை ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கும் பாக்கியம் பெற்ற சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

தமஸ்குவின் அனனியா, பாளையங்கோட்டையின் குளோரிந்தா, அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு ஆகிய மூவரைக் குறித்துப் பேச எண்ணி வந்திருக்கிறேன். நிறைகுடம் தளும்பாது என்று நான் ஏறும் மேடைதோறும் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். இன்றும் அதை விடுவதாக இல்லை.

அனனியா அப்போஸ்தலன் அல்லன். 'ஒரு சீஷன்' என்பதற்கு மேல் வேதத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் அவனுக்குப் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. நம் சபையில் இருந்திருந்தால், நன்றியுரையில் விடுபட்டுப்போகும் பெயர்களுள் ஒன்றாக அவன் பெயரும் இருந்திருக்கும். அப்படிப்பட்டவனிடம், நேர்த்தெருவில் யூதாவின் வீட்டுக்குப் போய்ச் சவுலைப் பார் என்று ஆண்டவர் சொல்கிறார். சவுலோ விசுவாசிகளைக் கட்டிக்கொண்டுபோகப் பிரதான ஆசாரியரிடம் நிருபம் வாங்கி வந்தவன். கைது செய்ய வந்த அதிகாரி தங்கியிருக்கும் வீட்டுக் கதவை, தேடப்படுகிறவனே போய்த் தட்ட வேண்டும்! அனனியா உடனே 'அல்லேலூயா' என்று ஆர்ப்பரிக்கவில்லை. 'ஆண்டவரே, இந்த மனுஷனைக் குறித்து நான் கேள்விப்பட்டிருக்கிறேனே' என்கிற பொருள்படத் தன் பயத்தை மறைக்காமல் சொன்னான். சொல்லிவிட்டுப் போனான். மூன்று நாள் பார்வையில்லாமலும், உண்ணாமலும் குடியாமலும் இருந்த அந்த மனிதன்மேல் கைகளை வைத்து, 'சகோதரனாகிய சவுலே' என்று அழைத்தான். பகைவனாக வந்தவனைத் தொட்ட கை அது. பிறகு, பவுல் என்று அறியப்பட்ட அந்தச் சவுல் தன் சாட்சியில் ஒருமுறை அவனை நினைவுகூருகிறார். மற்றபடி வேதத்தில் அவனைக் குறித்து ஒன்றுமில்லை. நிறைகுடம் தளும்பாது.

குளோரிந்தா அம்மையார் தஞ்சையிலிருந்து வந்த மராத்திய பிராமண விதவை. முதலில் மறுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை 1778இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பெற்றார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டின் நாற்பது பெயர்களில் முதலாவது அவருடையது. அவர் முயற்சியால் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே மக்கள் அழைத்தார்கள். அந்த நாற்பது பேரும் ஒரே சாதியார் அல்லர் என்பதை நாம் ஏனோ பண்டிகை மலர்களில் எழுதுவதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்திருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது; அதன்பின் நீதிமன்றம் வரை சென்றும் அது மீண்டும் எழவில்லை. அது கத்தோலிக்கர் கதை என்று நாம் நகர்ந்துகொள்ள முடியாது. இன்று மதியம் ஒரே அண்டாச் சோற்றை ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணப்போகிற நம் சபைக்கு, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. யார் எங்கே என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேராயர் அவர்கள் முன்னிலையில் இதைச் சொல்லலாகாது என்று பெரியவர்கள் சிலர் அன்போடு எச்சரித்தார்கள். அவர் முன்னிலையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

யோசேப்பைப் பற்றி விரிக்க நேரமில்லை. தனக்கென்று கன்மலையில் வெட்டியிருந்த புதிய கல்லறையை அவர் இன்னொருவருக்கு, சிலுவையில் மரித்த இயேசுவுக்கு, கொடுத்தார் என்பது போதும்.

ஒரே கல்லறைத் தோட்டம் வேண்டுமென்று சேகர மன்றத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் மணிக்கூண்டின் கீழே மேசைமேல் இருக்கிறது. குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் முதலில் கையெழுத்திட வேண்டுகிறேன். என் குடும்பத்தார் இட்டிருக்கிறோம். அசன மணி அடிப்பதற்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது.